வலது கட்டைவிரல் படும் பாடு

"அடேயப்பா, இத்தனை பட்டனா? இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது." பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை முதன்முதலாகக் கையில் வாங்கும் பெரியவர்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் அதை நீட்டிவிடுவார்கள். டிவியில் இணைத்து ஆடும் கன்சோல் விளையாட்டுப் பக்கம் புதியவர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், பல வருடங்களாக விளையாடுகிறவர்களும் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். கன்ட்ரோலர் சிக்கலாகிவிட்டதாம், பட்டன்கள் பெருகிவிட்டனவாம்.

எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1977இல் வந்த அடாரி 2600க்கு ஒரு குச்சி, ஒரு பட்டன், அவ்வளவுதான். 1983இல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் ஃபேமிகாமில் கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டன், ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் கேசட் செருகி விளையாடியதெல்லாம் பெரும்பாலும் அதன் நகல்கள்தான். இன்றைய பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரில் அழுத்தக்கூடிய இடங்களை எண்ணினால் 19 வருகிறது. அதற்கு மேல், கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் சின்னக் குச்சிகள், அதாவது ஸ்டிக், இரண்டு.

ஆனாலும் பலருக்கு இந்தக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பழியைப் பட்டன்கள் மேல் போடுவது நியாயமில்லை. புதியவரை விரட்டுவது வலது ஸ்டிக். அதிலும் குறிப்பாக, கேமராவை, அதாவது திரையில் நாம் பார்க்கும் பக்கத்தை, திருப்பும் வேலை அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதே, அந்த வேலை.

மதுரையில் கல்லூரியில் படித்த காலத்தில், 2005 வாக்கில், மாலை நேரங்களில் ஒரு வீடியோ கேம் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி டிவிகள், அவற்றுக்குக் கீழே பிளேஸ்டேஷன் 2, வயர் வைத்த கன்ட்ரோலர்கள். கைபட்டுக் கைபட்டுப் பட்டன்களின் மேலிருந்த முக்கோணமும் வட்டமும் அழிந்துபோயிருக்கும். எது எந்தப் பட்டன் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது. அந்த நிலையிலும் முதல் நாள் வந்த பையன் டெக்கன் 3 என்ற சண்டை விளையாட்டைப் போட்டு, தினமும் வருகிறவனை அடித்து வீழ்த்தியதைப் பார்த்திருக்கிறேன். எடி கோர்டோ என்ற பிரேசில் ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உதைக்கும் பட்டன்களை அமுக்கினாலே போதும். கப்போயிரா என்ற பிரேசில் சண்டைக் கலையில் அவன் சுழன்று சுழன்று உதைப்பான், எதிராளி எழுந்திருக்க முடியாது. பழகியவர்கள் எரிச்சலில் கத்துவார்கள். எடியை எடுக்கக் கூடாது என்று தங்களுக்குள் சட்டமே போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

டெக்கனில் நான்கு பட்டன்கள் நான்கு உறுப்புகள். சதுரம் இடது கை, முக்கோணம் வலது கை, எக்ஸ் இடது கால், வட்டம் வலது கால். எதை அமுக்கினாலும் ஏதோ ஒரு கை நீளும், ஏதோ ஒரு கால் உயரும். தவறான பட்டன் என்று ஒன்றே இல்லை. புதியவருக்கு வேண்டியது அதுதான். அமுக்கிய உடனே திரையில் ஏதாவது நடக்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டுப் பைத்தியம். ஒழுங்காக வண்டி ஓட்டக்கூடத் தெரியாத பையன்கள் ஆர்1, ஆர்2, எல்1, எக்ஸ், இடது, கீழ், வலது, மேல், இடது, கீழ், வலது, மேல் என்று பன்னிரண்டு அழுத்தல்கள் கொண்ட சீட் கோடை, அதாவது ரகசியக் குறுக்குவழியை, மூச்சு விடாமல் அமுக்கி உயிரையும் கவசத்தையும் பணத்தையும் நிரப்பிக்கொள்வார்கள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருப்பார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்காத பிள்ளைகள் அவர்கள். பட்டன்களின் எண்ணிக்கைக்கு அஞ்சுகிறவர்களா இவர்கள்?

அதே கடையில், துப்பாக்கியுடன் முப்பரிமாண உலகில் நடக்க வேண்டிய விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் கதையே வேறு. இரண்டே நிமிடத்தில் நாயகன் சுவரில் மூக்கை உரசிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நிற்பான். ஆடுகிறவர் கன்ட்ரோலரையே உடலோடு சேர்த்து இடமும் வலமும் சாய்ப்பார். அப்புறம் நாயகன் தரையைப் பார்ப்பான், பிறகு மீண்டும் வானம். "என்னண்ணே, இவன் எங்கே பார்க்கிறான்?" என்பார்கள். மீதி நேரத்துக்கு டெக்கன் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள்.

ஏன் அப்படி என்பது வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. நாம் நடக்கும்போது கால் ஒரு பக்கம் போக, கழுத்து தானாகத் திரும்புகிறது. கழுத்தைத் திருப்புகிறோம் என்ற நினைப்பே நமக்கு இருப்பதில்லை. அந்தக் கழுத்தைக் கழற்றி வலது கட்டைவிரலில் மாட்டினால் என்ன ஆகும்? ஒரு கை துருத்தியை இழுக்க, மறு கை கட்டைகளில் ஓட வேண்டிய ஆர்மோனியத்தை முதல் நாள் தொடுகிறவரின் நிலைதான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கைப்பேசித் திரையில் விரலை ஒரு அங்குலம் நகர்த்தினால் பார்வை அதற்கேற்ற தூரம் திரும்பி நின்றுவிடும். கணினி மவுஸும் அப்படித்தான். கையின் தூரம் பார்வையின் தூரம். கன்ட்ரோலர் ஸ்டிக் அப்படியல்ல. அதைச் சாய்க்கும் அளவு, பார்வை எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்கிறது. சாய்த்தே வைத்திருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் விட்டுவிட வேண்டும். புதியவர்கள் விடமாட்டார்கள். கதவைத் தாண்டிப் பார்வை போய்விட்டது என்று பதறி எதிர்ப்பக்கம் முழுதாகத் தள்ளுவார்கள், அந்தப் பக்கமும் தாண்டிப் போகும். கைப்பேசியில் ஆடும் பிஜிஎம்ஐ விளையாட்டில் கெட்டிக்காரனான என் அக்கா மகன் பிளேஸ்டேஷனில் உட்கார்ந்தபோது திணறியது இந்த இடத்தில்தான். கேமரா என்றால் என்ன என்பது அவனுக்குத் தெரியும், திருப்ப வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அவன் கட்டைவிரல் தூரக் கணக்கில் பழகியிருந்தது, ஸ்டிக் கேட்டதோ வேகக் கணக்கு. "தள்ளாதே, தட்டிவிட்டு விடு" என்று சொன்னேன். அன்று மாலைக்குள் பிடித்துக்கொண்டான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2000ஆம் ஆண்டில் முதல் பிளேஸ்டேஷனுக்கு ஏலியன் ரெசரக்‌ஷன் என்ற விளையாட்டு வந்தது. இடது ஸ்டிக்கில் நடை, வலது ஸ்டிக்கில் பார்வை என்று இன்று எல்லோரும் பின்பற்றும் அமைப்பு அதில் இருந்தது. அப்போது ஒரு அமெரிக்க விமர்சகர், அந்த விளையாட்டிலேயே மிகவும் பயங்கரமான அம்சம் இந்தக் கன்ட்ரோல் அமைப்புதான் என்று எழுதினார். விளையாடுவதையே தொழிலாகக் கொண்டவரின் கட்டைவிரல் சொன்ன வாக்குமூலம் அது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுடன் ஹேலோ என்ற துப்பாக்கி விளையாட்டு வந்தது, பிறகு அதே அமைப்பு ஊரெல்லாம் வழக்கமாகிவிட்டது. அந்த ஹேலோ செய்த ஒரு சின்னக் காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். தொடக்கத்தில் ஒரு பணியாளர் நம்மை விளக்குகளைப் பார்க்கச் சொல்வார். மேலே பார்க்க நாம் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதைக் கவனித்து, நமக்கு நேர்த்திசை வசதியா, எதிர்த்திசை வசதியா என்று விளையாட்டே முடிவு செய்துகொள்ளும். புதியவரை செட்டிங்ஸ் பட்டியலுக்குள் தள்ளாமல் அவர் கையையே கேட்கிறது. இதை நான் இன்றும் செய்கிறேன். யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் முதலில் "மேலே பாருங்கள்" என்பேன். கீழ்ப்பக்கம் இழுத்தால் செட்டிங்ஸில் போய்த் திசையை மாற்றிவிடுவேன். கூடவே கேமராவின் வேகத்தையும் நன்றாகக் குறைத்துவிடுவேன். விளையாட்டு நிறுவனங்கள் வைத்து அனுப்பும் வேகம், பழகியவர்களுக்கே அளவெடுத்துத் தைத்தது.

வலது ஸ்டிக்கே எமன் என்று நினைத்துவிட வேண்டாம். என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கிரிக்கெட் வெறியர். மெல்போர்னைச் சேர்ந்த பிக் ஆன்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட டான் பிராட்மேன் கிரிக்கெட்டில் மட்டை பிடிக்க இரண்டு ஸ்டிக்கும் வேண்டும். இடது ஸ்டிக்கில் கால், வலது ஸ்டிக்கில் மட்டை. விவரம் தெரிந்த இளைஞர்களே கடினம் என்று முகம் சுளித்த அமைப்பு அது. மாமனாரிடம், "மாமா, இடது விரல் காலை நகர்த்தும், வலது விரல் அடிக்கும் திசை" என்று மட்டும் சொன்னேன். முன்காலில் வந்து கவர் திசையில் தள்ளுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பந்துகளை விட்டார், போல்டானார், நடுவரைத் திட்டினார். ஆனால் எந்த விரலுக்கு என்ன வேலை என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அந்தக் கேமரா ஆடுகளத்தின் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். கழுத்தைத் திருப்பும் வேலை இல்லாதபோது, இரண்டு ஸ்டிக்கும் ஒரு எழுபது வயதுக்காரருக்கு வசப்பட்டுவிட்டன.

ஆகவே, வீட்டில் ஒருவரைப் புதிதாக அழைத்து வர விரும்பினால், முதல் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கதையையோ படத்தின் அழகையோ பார்க்காதீர்கள். கேமரா யார் பொறுப்பு என்று பாருங்கள். பக்கவாட்டில் ஓடும் இருபரிமாண விளையாட்டு, சண்டை, கார் பந்தயம், கால்பந்து ஆகியவற்றிலெல்லாம் கேமரா தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மரியோ கார்ட் 8 டீலக்ஸில் வண்டி பாதையை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் உதவியும், தானாக வேகமெடுக்கும் உதவியும் உண்டு. மூன்று வயதுக் குழந்தை கன்ட்ரோலரைக் கடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி பந்தயத்தை முடிக்கும். பிளேஸ்டேஷன் 5 வாங்கினால் உள்ளேயே இருக்கும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் அடுத்த படிக்கு ஏற்றது. முப்பரிமாண உலகம், ஆனால் வலது ஸ்டிக்கை அதிகம் தொடாமலே பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.

கணவன் மனைவி சேர்ந்து விளையாட எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும், எல்லோரும் இட் டேக்ஸ் டூவைச் சொல்வார்கள். இரண்டு பேர் இருந்தால்தான் ஆட முடியும், 2021இல் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதெல்லாம் வாங்கியது. விளையாட்டு அருமை, மறுக்கவில்லை. ஆனால் புதியவருக்கு அதைப் பரிந்துரைப்பதை நான் ஏற்கமாட்டேன். திரை இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு பாதிக்கும் அவரவர் கேமரா, அவரவர் குதிப்பு. பழகியவர் பாலத்தின் அந்தக் கரையில் நின்று காத்துக்கொண்டிருக்க, புதியவர் தன் பாதித் திரையில் பாலம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். காத்திருப்பவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவர் பெருமூச்சு காதில் விழும். என் மனைவி அதைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். அவளோடு முழுதாக முடித்தது பழைய லெகோ ஸ்டார் வார்ஸ். அதில் இருவரும் ஒரே திரையில், கேமரா யார் கையிலும் இல்லை. விழுந்தால் சில காசுகள் சிதறும், அடுத்த நொடி எழுந்துவிடலாம். ஒருவர் நடுவில் அடுப்பைப் பார்க்கப் போனால் மற்றவர் தொடரலாம். 2022இல் அதே வரிசையில் வந்த லெகோ ஸ்கைவாக்கர் சாகா அந்தப் பழைய நிலையான கேமராவைக் கைவிட்டு, நாயகனின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. புதியவருக்குப் பழையதே மேல்.

பட்டன்கள் விஷயத்தில் தொல்லையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். தொல்லை எண்ணிக்கையில் இல்லை, நாம் அவற்றைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. "எல்3 அமுக்கு" என்கிறோம். கன்ட்ரோலரை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் எல்3 என்று எழுதிய பட்டன் கிடைக்காது. இடது ஸ்டிக்கையே உள்நோக்கி அழுத்துவதுதான் அது என்பதை யாராலும் ஊகிக்க முடியாது. போதாக்குறைக்கு, பயந்த நேரத்தில் புதியவர்கள் ஸ்டிக்கை இறுக்கிப் பிடிப்பார்கள், அது தானாக உள்ளே அழுந்தும். பேய் துரத்தும்போது நாயகன் திடீரென்று தரையில் குந்தி உட்காருவான். இதற்காகவே கன்சோலின் செட்டிங்ஸில் போய் அந்த வேலையை வேறு பட்டனுக்கு மாற்றிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் பட்டன்களை இடம் மாற்றும் வசதி கன்சோலிலேயே இருக்கிறது. அது உடல் குறையுள்ளவர்களுக்கான பகுதியில் இருப்பதால் பலர் திறந்தே பார்ப்பதில்லை.

நான் விரலைச் சொல்லிப் பழக்குகிறேன். "வலது ஆள்காட்டி விரல், மேலே" என்றால் ஆர்1. "வலது ஆள்காட்டி விரல், கீழே" என்றால் ஆர்2. முதலில் ஆள்காட்டி விரல்கள் இருப்பதே அவர்களுக்கு மறந்திருக்கும். இரண்டு கட்டைவிரலால் மட்டும் கன்ட்ரோலரைத் தாங்கிக்கொண்டு, மற்ற எட்டு விரல்களையும் அடியில் கோத்து வைத்திருப்பார்கள். பிடியைச் சரிசெய்தாலே பாதிப் பயம் போய்விடும். வீட்டில் இரண்டு நிறுவனங்களின் கன்சோல்கள் இருந்தால், பழகும் காலத்தில் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸில் எக்ஸ் இடப்பக்கம், நின்டெண்டோவில் எக்ஸ் மேலே, பிளேஸ்டேஷனில் எக்ஸ் போன்ற பெருக்கல் குறி கீழே. இருபது வருடம் விளையாடிய எனக்கே விரல் இடறும்.

பட்டனே வேண்டாம் என்று வந்தவர்களின் கதையும் நமக்குத் தெரியும். 2006இல் நின்டெண்டோ வீ வந்தது. டிவி ரிமோட் போன்ற ஒன்றைப் பிடித்து வீசினால் டென்னிஸ் மட்டை வீசும். பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அதற்கு அடுத்து வந்த வீ யூ, பெரிய திரையும் இரண்டு ஸ்டிக்கும் பட்டன்களுமாகக் கன்ட்ரோலரைப் பெருக்கிக்கொண்டு வந்தது. விற்றது ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் அளவில்தான். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, முழுப் பழியையும் கன்ட்ரோலர் மேல் போட முடியாது. மைக்ரோசாஃப்ட் 2010இல், ஆடுகிறவரின் உடலசைவைப் பார்த்து இயங்கும் கினெக்ட் கொண்டுவந்து கன்ட்ரோலரையே ஒழித்துப் பார்த்தது. ஒருவர் ஆடவே டிவியிலிருந்து ஆறடி தள்ளி நிற்க வேண்டும், இருவர் என்றால் எட்டடி. நம் ஊர் அடுக்ககக் கூடத்தில் சோபாவைத் தூக்கிச் சமையலறையில் போட்டால்தான் உண்டு. 2017இல் அதன் உற்பத்தி நின்றுபோனது. கையில் ஒன்றுமே இல்லாதது எளிமை என்று நினைத்தார்கள். கையில் ஒன்றும் இல்லாதபோது, தான் செய்தது சரியா தவறா என்பதே புதியவருக்குத் தெரிவதில்லை. பட்டன் என்றால் விரலுக்குக் கீழே அழுந்தும், அழுந்தியது தெரியும்.

கேமராவை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவது, எனக்குத் தெரிந்தவரை நல்ல பலன் தரும் வழி. எக்ஸ்பாக்ஸில் 2017 முதல் கோபைலட் என்ற வசதி இருக்கிறது. இரண்டு கன்ட்ரோலர்கள் ஒரே கன்ட்ரோலர்போல வேலை செய்யும். 2023 செப்டம்பர் மென்பொருள் மேம்பாட்டில் பிளேஸ்டேஷன் 5க்கும் இப்படி ஒன்று வந்தது. இவை உடல் குறையுள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. புதியவர்களுக்கும் பொன்னான வசதி. என் அக்காவுக்கு ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு, நான் இன்னொன்றில் வலது ஸ்டிக்கை மட்டும் தொட்டேன். அவள் நடப்பாள், குதிப்பாள், கதவைத் திறப்பாள். நான் அவள் போக நினைக்கும் பக்கம் பார்வையைத் திருப்புவேன். மற்ற எதையும் தொடமாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் செய்துவிட வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் ஒரே ஸ்டிக்கைத் தள்ளினால் குழப்படிதான். சில நாட்களில், நான் திருப்பும் பக்கம் சரியில்லை என்று அவளுக்குக் கோபம் வரத் தொடங்கியது. "அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்" என்று கத்தினாள். அப்போது அவள் விரலை அந்த ஸ்டிக்கின் மேல் வைக்கச் சொன்னேன். முன்பு அவளுக்கு அது எதற்கென்றே புரியாத ஒன்று. இப்போது அது என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டிய அதிகாரம்.

கன்ட்ரோலரை அவர்கள் கையிலிருந்து பிடுங்காமல் இருக்க இந்த வசதி நமக்கும் உதவும். பழகியவர்களின் பெரிய நோய் அது. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் "கொடு, நான் தாண்டிவிட்டுத் தருகிறேன்" என்று கை நீளும். அப்படிக் கொடுத்தவர் திரும்ப வாங்குவதில்லை. அவர் கைப்பேசியை எடுத்துக்கொள்வார்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது 49,990 ரூபாய், தனிக் கன்ட்ரோலர் மட்டும் 5,990 ரூபாய். கன்ட்ரோலர் சிக்கல் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, பெரும்பாலான வீடுகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் விலை கதவைச் சாத்திவிடுகிறது. வாங்கிய வீட்டிலும், "கீழே போட்டுவிடாதீர்கள், ஆறாயிரம் ரூபாய்" என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பெரியவரும் அதைத் தொடமாட்டார். விலையைச் சொல்லாதீர்கள். கன்சோல் பெட்டியில் ஒரு கன்ட்ரோலர்தான் வருகிறது. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், அடுத்த புதிய விளையாட்டை வாங்காமல் இரண்டாவது கன்ட்ரோலரை வாங்குங்கள். அது இல்லாமல் மேலே சொன்ன வழிகளில் முக்கால்வாசி நடக்காது.